முகம் கட்டும் முன்

கடைசிச் செம்பில் கற்பூரத் தண்ணீரை முகந்து, சுலைஹாவின் வலது தோளிலிருந்து ஊற்றினாள் பஷீரா. வழக்கமாக மய்யித்துக் குளிப்பாட்டும் பெண் கரங்கானில் இருந்தாள். கம்யூனிஸ்டுகளைத் தேடுகிறோம் என்று விடியற்காலையிலேயே பட்டாளத்தார் அந்தச் சாலையை அடைத்துவிட்டார்கள். இன்று கூலிமில் நான்கு மணிக்கே கர்பியூ. அதற்குள் அடக்கியாக வேண்டும். மலாயாவின் இந்த அவசரகாலத்தில் சாவுகூட மணி பார்த்துத்தான் வரவேண்டும் போலிருக்கிறது. ஊருக்குள் குளிப்பாட்டும் முறை தெரிந்தவள் பள்ளிவாசல் லெபையின் மகள் பஷீரா ஒருத்திதான்.

விதியைப் பாருங்கள்! அடுத்த மாதம் பஷீராவுக்கும் ரொட்டிக் கடை ஷம்சுதீனுக்கும் நிக்காஹ். இங்கே படுத்திருப்பவளோ அவன் தலாக் சொல்லி நான்கு வருஷமான பெண்டாட்டி, அவன் மகள் கமருன்னிசாவைப் பெற்றவள்.

தலாக் ஆனவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள் என்றுதான் பஷீரா நினைத்திருந்தாள். அவனோ தினமும் அஸர் தொழுதுவிட்டு இந்த வீட்டு வாசலில் வந்து உட்காருவான். மகளைப் பார்க்கத்தான். ஆனால் மாவு விலை ஏறியது, மாத்தா-மாத்தா போலீஸ்காரர்கள் வந்து அரிசி மூட்டையைக் குத்திப் பார்த்தது, எல்லாவற்றையும் கதவுக்குப் பின்னால் நிற்கும் சுலைஹாவிடம் சொல்லிவிட்டுத்தான் எழுவான். வெள்ளிக்கிழமை லெபை வீட்டுக்கு வந்து பஷீரா கொடுக்கும் தேத்தண்ணீரைக் குடிக்கும்போது, சொல்ல அவனிடம் ஒன்றும் மிச்சமிருக்காது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? "முறிஞ்சுபோன உறவுக்கு இவ்வளவு பேச்சா?" என்று கேட்டவர்களிடம் சிரித்து வைத்தாள். வயிறு எரிந்தது. சுலைஹாவுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டபோது மனசில் ஒரு மூலை குளிர்ந்ததும் உண்மை. அதை நினைத்துத்தான் இப்போது ஒரு சொட்டும் வீணாகாமல் நிதானமாக ஊற்றினாள்.

பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவர் துடைத்துக் கொடுத்தார்கள். கஃபன் துணி சுற்றியாயிற்று. முகம் மட்டும்தான் பாக்கி.

"கட்டியாச்சாம்மா?" வாசலில் லெபையின் குரல். "மணி மூணாச்சு."

"புள்ள இன்னும் பாக்கலையே வாப்பா."

ஜன்னலுக்கு வெளியே, ரம்புத்தான் மரத்தடியில் ஷம்சுதீன் நின்றிருந்தான். தலாக்குக்குப் பின் காத்திருக்கும் இத்தா முடிந்த நாளோடு அவன் சுலைஹாவுக்கு அன்னியன். அன்னிய ஆண் மய்யித்தின் முகம் பார்க்க லெபை விடமாட்டார். அவனும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பஷீராவுக்குக் கோபித்துக்கொள்ளவாவது வழி இருந்திருக்கும்.

எட்டு வயதுக் கமருன்னிசா அவன் காலைக் கட்டிக்கொண்டிருந்தாள். "வாப்பா வந்தாத்தான் போவேன். பயமா இருக்கு லா."

"நீ போம்மா. வாப்பா இங்கேயே நிக்கிறேன்."

"மாட்டேன்."

பஷீரா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தாள். "புள்ளையத் தூக்கிட்டு உள்ள வாங்க."

"பஷீரா!" லெபை அதட்டினார். "அவரு அன்னியரு. ஆகாது."

"ஆகாதுதான் வாப்பா. அந்தப் பாவத்த நான் சுமந்துக்கிறேன்."

லெபை மகளின் முகத்தையே பார்த்தார். பிறகு, சந்தூக்குப் பெட்டி தூக்க ஆள் வந்தாயிற்றா என்று பார்க்கிறவர்போலத் தெருப்பக்கம் நடந்துவிட்டார்.

உள்ளே வந்த ஷம்சுதீன் மகளின் உச்சந்தலையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றான். பிள்ளை எட்டிப் பார்த்தது, "உம்மா" என்றது, அவன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அவன் அப்படியே திரும்பினான். தனக்காகத்தான் பார்க்காமல் போகிறான் என்று பஷீராவுக்குத் தெரிந்தது.

"பாத்துட்டுப் போங்க," என்றாள்.

பார்த்தான். பிறகு, தினமும் வாசலில் உட்கார்ந்து பேசுகிற அதே குரலில் ஆரம்பித்தான். "சுலைஹா... கரங்கான் ரோட்ட அடைச்சிட்டானுங்க. பஷீராதான் உன்னக் குளிப்பாட்டுனா. ஒரு குறையும் வைக்கல..."

வெளியே யாரோ மணியாகிவிட்டது என்று கூப்பிட்டார்கள். அவன் சொல்லி முடிக்கட்டும் என்று, துணியின் நுனியைக் கையில் பிடித்தபடி பஷீரா நின்றாள்.