கூட்டாமல் குறைக்காமல்

தம்பி அனுப்பிய செய்தியில் ஒரே ஒரு சொல்தான் இருந்தது. "வர்றேன்." அதைப் படித்ததும் ஒளிய இடம் தேடி, எதிரில் இருந்த மேசைகள் அத்தனைக்கும் அடியில் குனிந்து பார்த்துவிட்டேன். மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள் என் தம்பியைப் பார்த்ததில்லை. லிஃப்ட் மெக்கானிக். என்னைவிட ஒன்பது வயது சின்னவன். வருஷத்துக்குப் பத்து வாக்கியம் பேசுவான். அதில் ஆறு 'சரி'. அப்படிப்பட்டவன் 'வர்றேன்' என்று தட்டிவிட்டான் என்றால் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டான் என்று பொருள். இரண்டு மணி நேரப் பயணம்.

இத்தனைக்கும் காரணமான புண்ணியவான் நான்தான். பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவில் முப்பத்து மூன்று வருஷம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவன். வீட்டில் இருப்புக் கொள்ளாமல் மறுபடியும் அங்கேயே போய் நின்றேன். பேராசிரியை ஒருவர் என் கையில் ஒரு மணியைக் கொடுத்து ஓரமாக உட்கார வைத்தார். வேறு வேறு மதத்துப் பிள்ளைகளை எதிரெதிரே உட்கார்த்திப் பேசப் பழக்கும் பயிற்சி அது. ஒருத்தி நான்கு நிமிடம் தன் நம்பிக்கையைச் சொல்ல வேண்டும். நான் மணியடிப்பேன். எதிரில் இருப்பவள் தானே அவளாக மாறி, கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது, முகம் சுளிக்கக் கூடாது. 'ஆமாம், இதுதான் நான்' என்று முதலாமவள் ஒப்புக்கொண்டால்தான் அடுத்த கேள்விக்கே போகலாம். கேட்பதற்கு எளிது. முதல் வாரம் ஆறடி உயரப் பொறியியல் மாணவன் ஒருவன், அடுத்தவன் கடவுளின் பெயர் தன் வாயில் வராமல் வியர்த்துக் கொட்டியதில், தரையைத் துடைக்க இரண்டு ஆள் தேவைப்பட்டது.

அந்தப் பயிற்சியில் தம்பி மகளும் இருந்தாள். புள்ளியியல் இரண்டாம் வருஷம், விடுதி வாசம். அவளுக்கு ஜோடியாக அமைந்தது பார்மசி படிக்கும் ஒரு பெண். நான் மருந்துக்காரி என்று கூப்பிடுவேன். நாங்கள் கும்பிடும் கடவுள் வேறு, மருந்துக்காரி வீட்டில் கும்பிடும் கடவுள் வேறு. அன்று காலை எங்கள் பெண் மருந்துக்காரியாக மாறிப் பேசிய அழகில் எனக்குத் தலைகால் புரியவில்லை. கைப்பேசி கூடாது என்று கதவில் காகிதம் ஒட்டியவனே நான்தான். அதே நான் மேசைக்கு அடியில் நாற்பது வினாடி பதிவுசெய்து, 'நம்ம பிள்ளை பேச்சைக் கேளுங்க' என்று குடும்பக் குழுவில் போட்டேன். 'இனி நான் அவளாகப் பேசுறேன்' என்று அவள் தொடங்கிய இடம் பதிவில் இல்லை. அது பயிற்சி என்று நான் எழுதவும் இல்லை.

பதிவில் மருந்துக்காரி வீட்டுக் கடவுளின் பெயர் தெளிவாக இருந்தது. அதற்குப் பிறகு இது: "தூங்கப் போறதுக்கு முன்னாடி அவர்கிட்ட பேசுவேன். பேசப் பேச நடுக்கம் நின்னுடும். வீட்ல யார்கிட்டயும் சொல்ல முடியாததை அங்கதான் சொல்றேன். அவர் கேக்கறாருன்னு நம்பறேன்."

முப்பத்து நான்கு பேர் உள்ள குழு அது. ஐந்தாவது நிமிடம் என் அக்கா, எத்தனை நாளாக இது நடக்கிறது என்று கேட்டாள். மைத்துனர், பெண்ணை விடுதியில் விட்டதே தப்பு என்றார். அலறி அடித்துக்கொண்டு அழித்தேன். அதற்குள் இருபத்தாறு பேர் கேட்டிருந்தார்கள், எத்தனை பேர் எங்கெங்கே தள்ளிவிட்டார்களோ தெரியாது. நடந்ததை விளக்கி எழுதினேன். நான் அளந்து விடுகிற ஆள் என்பது முப்பத்து நான்கு பேருக்கும் மனப்பாடம். வாழ்நாளில் முதல் முறையாக உள்ளதை உள்ளபடி சொன்னேன், ஒருத்தரும் நம்பவில்லை. ஒன்றுவிட்ட தங்கை மகள் ஒருத்தியை இதில் கால்வாசிகூட இல்லாத சங்கதிக்குப் படிப்பை நிறுத்தி அழைத்துப் போனார்கள். நான்கு வருஷம் ஆகிறது. அவள் எண் இப்போது குழுவில் இல்லை. அவள் என்ன செய்கிறாள் என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறார்கள்.

பெண்ணிடம் போய்ச் சொன்னேன். திட்டுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். "எந்த இடத்துலேர்ந்து எடுத்தீங்க பெரியப்பா?" என்று மட்டும் கேட்டாள். போட்டுக் காட்டினேன். முடியும் தறுவாயில் கண்ணை மூடிக்கொண்டாள். அவள் உள்ளங்கை ஈரத்தைத் துப்பட்டாவில் துடைத்துத் துடைத்து அந்த இடமே நிறம் மாறிவிட்டது. மருந்துக்காரி, தானே வந்து அப்பாவிடம் பேசுவதாகச் சொன்னாள். வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் துணைக்கு யாராவது இருந்தால் தேவலை என்றிருந்தது, சரி என்றேன்.

ஒரு மணிக்குத் தம்பி வந்தான். பயிற்சி அறையில் நாங்கள் மூன்று பேர்தான். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அவன் கையில் ஒரு பயணப் பை, காலியாக, நான்காக மடித்தது. அதைப் பார்த்ததும் அவள் துணிமணியோடு புள்ளியியலும் அதற்குள் போய்விடும் என்று கணக்குப் போட்டுவிட்டேன். பையை மேசை மேல் வைத்தான். யாரும் உட்காரச் சொல்லவில்லை, அவனும் உட்காரவில்லை.

நான் முந்திக்கொண்டு, உலக சமாதானத்துக்கே இந்தப் பயிற்சிதான் ஆணிவேர் என்று ஆரம்பித்தேன். கையைக் காட்டினான். நிறுத்திவிட்டேன்.

"அக்கா அனுப்பிச்சா. பஸ்ல பதினோரு தடவை கேட்டேன்," என்றான். பிறகு, என் விளக்கத்தை அவனாவது படித்திருந்தான் போலிருக்கிறது, மருந்துக்காரியிடம், "இது நீ சொன்னதாம்மா?"

"ஆமாங்க."

"எல்லாமே?"

மருந்துக்காரி எங்கள் பெண்ணைப் பார்த்தாள். எங்கள் பெண் தரையைப் பார்த்தாள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஆமாம் என்று சொல்லித் தொலைத்தால் என்ன?

"ஒண்ணு தவிர. வீட்ல யார்கிட்டயும் சொல்ல முடியாததுன்னு நான் சொல்லலைங்க. எங்க வீட்ல நான் எல்லாத்தையும் கொட்டிடுவேன்."

"அப்புறம் ஏன் சரின்னு ஒத்துக்கிட்ட?"

"அதைச் சொன்னப்போ இவ கண்ணு கலங்கிடுச்சு. அதான் விட்டுட்டேன்."

தம்பி தலையாட்டினான். ஓடுகிற லிஃப்ட்டின் சுவரில் காதை வைத்து, எந்தத் தளத்தில் உரசுகிறது என்று சொல்கிறவன் அவன். "மத்தது எல்லாம் ஒப்பிக்கிற மாதிரி இருந்துச்சு," என்று மகளிடம் சொன்னான். "அந்த ஒரு இடத்துல மட்டும் குரல் வேற. என்னம்மா அது? சொல்ல முடியாதது?"

அக்கா, மைத்துனர், மதம், மானம் எல்லாவற்றுக்கும் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். இந்தக் கேள்வி என் பட்டியலிலேயே இல்லை. இதுவரை இருந்தது எல்லாம் ஒரு பயமா என்று தோன்றும்படி வேறொரு பயம் அவள் முகத்தில் ஏறிக்கொண்டிருந்தது. எத்தனை நாளாக? விடுமுறைக்கு வந்து போனாளே, என் வீட்டில் இரண்டு நாள் இருந்தாளே. நான்தான் முழுநேரமும் பேசிக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, கொஞ்சம் வெளிய இரு," என்றான் தம்பி. குரலில் கோபம் இருந்ததா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

நானும் மருந்துக்காரியும் வெளியே வந்து கதவைச் சாத்தினோம். கதவில் கை அகலக் கண்ணாடி ஒன்று உண்டு. "சார்," என்றாள் மருந்துக்காரி மெதுவாக. "அந்தப் பதிவு எங்க வீட்டுப் பக்கம் போயிருக்குமா? எங்க கடவுள் பேரை வேற ஆள் சொல்றதைக் கேட்டா, எங்க அண்ணனுங்க..." முடிக்கவில்லை. போயிருக்காது என்று சொல்ல வாயெடுத்தேன். "தெரியலம்மா" என்றுதான் வந்தது.

உள்ளே தம்பி உட்கார்ந்துவிட்டான். முதுகு எங்கள் பக்கம். அவன் தோளுக்கு அந்தப் பக்கம் அவள் நெற்றி மட்டும் தெரிந்தது. பை இருந்த இடத்தை அவன் உடம்பு மறைத்தது. அவள் பேசுகிறாளா, அழுகிறாளா, ஒன்றும் தெரியவில்லை. நானும் மருந்துக்காரியும் இன்னும் நெருங்கினோம். ஏசியில் குளிர்ந்திருந்த கண்ணாடி எங்கள் மூச்சு பட்டு மங்கியது. சட்டைக் கையால் துடைத்தேன். ஒரு கணம் தெளிந்து, மறுபடியும் மங்கியது.