பஸ் டிரைவரின் எடை

இறந்து பதினோராவது வருடத்தில் பஸ் டிரைவரின் எடை அறுபத்திரண்டு கிலோவைத் தாண்டியது. உயிரோடு இருந்தபோது அவர் ஐம்பத்தெட்டுதான். ரத்தப் புற்றுநோயில் போனவர். போவதற்கு முந்தின வாரம் எடுத்த ஒரு ஸ்பூன் ரத்தத்திலிருந்த புற்றுச் செல்கள் மட்டும் சாக மறுத்து, ஆராய்ச்சிக்கூடக் குடுவைகளில் இரண்டு நான்காகி, நான்கு எட்டாகி, ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தன. அத்தனையும் சேர்ந்த எடைதான் அந்த அறுபத்திரண்டு. குடுவையை யார் வெளியே எடுத்தாலும், "சாப்பிட்டாச்சா?" என்று அவை கேட்கும். பஸ்ஸில் ஏறிய ஒவ்வொருவரிடமும் அவர் கேட்ட அதே கேள்வி, அதே கரகரத்த குரல். அப்படி ஓர் ஆஸ்பத்திரி ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்த பெண் முதல் வாரம் பயந்தாள், இரண்டாம் வாரம் பதில் சொன்னாள், மூன்றாம் வாரத்திலிருந்து டிபன் பாக்ஸை மறக்காமல் கொண்டுவந்தாள்.

பிறருடைய நோயெதிர்ப்புச் செல்களை வளர்த்துவிடுவதுதான் டிரைவருக்கு அங்கே வேலை. முதலில் அவர்மேல் கதிர் பாய்ச்சுவார்கள். அதோடு அவர் பெருகுவது நின்றுவிடும். பிறகு நோயெதிர்ப்புச் செல்களோடு ஒரே குடுவையில் விடுவார்கள். அவை அவரை உரசி, உசுப்பேறி, கொன்று, கொன்ற வேகத்தில் நூறு மடங்காகும். டிரைவர் இரண்டு வாரத்தில் காலி. அடுத்த வாரம் ஃப்ரீசரிலிருந்து மறுபடி வருவார், மறுபடி கேட்பார்.

அவருடைய மகளுக்கும் அதே நோய் வந்தது. வயது பத்தொன்பது. மருந்தெல்லாம் கைவிட்ட பிறகு, தாயின் நோயெதிர்ப்புச் செல்களை வளர்த்து ஏற்றிப் பார்க்கலாம் என்றார் டாக்டர். ஒரு மாதத்துக்குள் ஏற்றியாக வேண்டும் என்றும் சொன்னார். பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்த தாய் கையை நீட்டி ரத்தம் கொடுத்தாள். ஆக, கணவனும் மனைவியும் பதினோரு வருடம் கழித்து ஒரே குடுவையில் குடித்தனம் போக வேண்டியதாயிற்று. அன்று ஆராய்ச்சிக்கூடப் பெண் குடுவையோடு கதிர் மெஷின் முன்னால் போய் நின்றாள். "சாப்பிட்டாச்சாம்மா?" என்று கேட்கிற மனிதரை, சொந்த மனைவி கையால் சாகிறதற்காகக் கதிருக்குள் வைக்க மனசு வருமா? வைக்கவில்லை. வைத்ததாக எழுதிவிட்டாள். ஐந்தாம் நாள் பார்த்தால் குடுவை முழுக்க டிரைவர். மனைவியின் செல்களுக்கு நிற்க இடமில்லை. மகளைக் காப்பாற்ற வந்தவர், பெருகுவதைத் தவிர வேறொன்றும் தெரியாமல் எல்லாவற்றையும் பாழாக்கியிருந்தார். பாவம், அவர்தான் என்ன செய்வார்?

மறுபடி ரத்தம் எடுத்தார்கள். ஆராய்ச்சிக்கூடப் பெண் அழுதுகொண்டே தாயிடம் உண்மையைச் சொன்னாள். தாய் திட்டவில்லை. திட்டுவதற்கும் தெம்பு வேண்டுமே. கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று, "ஏங்க, அந்தப் பொண்ண ஒண்ணும் கேக்காதீங்க. பேசாம உள்ள போங்க. நம்ம புள்ளைக்குத்தான்," என்றாள். அன்று குடுவை ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த பதினான்கு நாளில் மனைவியின் செல்கள் கணவனின் செல்களைக் கடைசி ஒன்றுவரை கொன்று தீர்த்தன. அவள் தினமும் வந்து கண்ணாடி முன்னால் நின்றாள். நிற்பதைத் தவிர அவளால் ஆவது எதுவும் இல்லை.

கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது மகளின் கையில் அந்தச் செல்கள் சொட்டுச் சொட்டாக ஏறின. பாதிப் பை இறங்கியதும் மகள் கண்ணைத் திறந்தாள்.

"அம்மா, யாரோ சாப்பிட்டாச்சான்னு கேக்கறாங்க."

"அப்பாதான். பதில் சொல்லு."

ஒன்பது நாளாக மகளுக்கு ஒரு வாய் இறங்கவில்லை. "சாப்பிட்டாச்சுப்பா," என்றாள். நர்ஸ், காய்ச்சல் இல்லை என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.