மாரியின் முன்பற்கள்

1
இந்தக் கதை என் தப்பில் தொடங்கியது. பழவேற்காடு ஏரிக்கரையில் மருத்துவ முகாம். வந்தவர்களின் விவரம் எழுதிக்கொடுக்கப் போயிருந்தேன். மாரி என்கிற இருளர் பெண் வாயைத் திறந்தாள். முன்பற்கள் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தன. அவளைக் கேட்காமலே 'புகையிலை' என்று எழுதினேன்.

"இன்னா சார் எழுதுன?"

சொன்னேன். சிரித்துவிட்டாள்.

"பொகையிலயா! பறி* சார். பறியப் பல்லுல கடிச்சிக்கினு, ரெண்டு கையாலயும் தண்ணிக்குள்ள எறா தடவணும். அப்பால பல்லு இன்னாத்துக்கு ஆவும்?"

எனக்கு வெட்கமாகிவிட்டது.

(*பிடித்த இறாலைப் போட்டுக்கொள்ளும் ஓலைக்கூடை. வலை, படகு இல்லாதவர்களுக்கு அதுதான் எல்லாம்.)

2
முதல் தொடக்கம்: 'ஏரியின் மேல் சூரியன் மெல்ல...' (வேண்டாம். அது எல்லார் கதையிலும்தான் உதிக்கிறது.)

இரண்டாவது: மாரியின் மகள் கலைவாணிக்கு ஏழாம் மாதம். ரத்தத்தில் ஹீமோகுளோபினும் ஏழுதான். "எறா, நண்டு நல்லா சாப்புடும்மா" என்றார் நர்ஸ் ஹேமாவதி.

மாரி குறுக்கே வந்தாள். "எங்க போயி புடிக்கிறது? எங்க தாத்தன் காலத்துலேர்ந்து தடவுன ஓரம். வேலி போட்டுட்டானுங்களே!"

ஹேமாவதி சத்து மாத்திரையை நீட்டினார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. வேலிக்கு மருந்து அவரிடம் ஏது?

(வேலி போட்ட கம்பெனியைத் திட்டி இரண்டு பக்கம் எழுதினேன். படித்தால் என் கோபம்தான் தெரிந்தது, மாரியைக் காணோம். கிழித்துவிட்டேன்.)

3
ஒரு முடிவு: வேலி விழுகிறது. கலைவாணிக்குக் கொழுகொழுவென்று... (யாரை ஏமாற்றுகிறேன்?)

இன்னொரு முடிவு: பிரசவத்தின்போது கலைவாணி... (மாட்டேன். பயமாக இருக்கிறது.)

4
ஆகவே நடந்ததை மட்டும் சொல்கிறேன். அந்த ஓரத்தில் இறால் பிடிக்கும் உரிமை கேட்டு மாரி மனு போட்டாள். விசாரணைக்கு நானும் துணைக்குப் போனேன். அதிகாரி தன்மையானவர். உட்காரச் சொன்னார், குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

"பரம்பரையா அங்கதான் பிடிக்கிறீங்கன்னு ஆதாரம் ஏதாவது இருக்காம்மா?"

மாரி பையைத் துழாவவில்லை. எழுந்து அவர் மேசைக்கு அருகே போய் வாயைத் திறந்து காட்டினாள்.

அதிகாரி பேனாவை எடுத்தார்.

இதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை. இதே வாயின் முன் ஒருமுறை பேனாவோடு உட்கார்ந்தவன் நான். என்ன எழுதினேன் என்று உங்களுக்கே தெரியும். அந்த நாற்காலியில் இப்போது நீங்கள் உட்காருங்கள். கலைவாணிக்கு எட்டாம் மாதம் தொடங்கிவிட்டது.

மாரி இன்னும் வாயை மூடவில்லை.