பிடியரிசிப் பெட்டி

வெயில் ஏறுமுன் முந்நூறு மரம் வெட்டியாக வேண்டும். சாறாம்மாவின் கத்தி ரப்பர்ப் பட்டையைச் சீவியது. பால் கோடாக வழிந்து சிரட்டையில் சொட்டியது. டிசம்பர்ப் பனியில் விரல்கள் மரத்திருந்தன. 1932. ரப்பர் விலை விழுந்து, கூலி பாதியாகி மூன்று வாரம்.

ஏழு வருஷத்துக்கு முன் கோட்டயம் பக்கமிருந்து பிழைக்க வந்த ஒன்பது சுறியானி ஓர்த்தடாக்ஸ் கிறிஸ்தவக் குடும்பங்களில் அவளுடையதும் ஒன்று. குலசேகரத்துக்கு மேலே இந்த மலையில் மூங்கில் நட்டு, ஓலை வேய்ந்து அவர்கள் ஒரு கோயில் எழுப்பினார்கள். அவர்கள் பேச்சில் பள்ளி. உலை வைக்கும்போதெல்லாம் வீட்டுக்கு ஒரு பிடி அரிசி ஒதுக்கிப் பள்ளிப் பெட்டியில் சேர்த்தார்கள், வெண்கல மணி வாங்க. பெட்டிச் சாவி சாறாம்மாவிடம்.

பால் அளக்கும் கொட்டகையில் முதலாளி ஜெபதாஸ் காத்திருந்தார்.

“கூலி இனி இவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைக்குள்ள பள்ளிய ஒழிச்சுத் தரணும். அங்க ரப்பர் ஷீட்டு ஒணக்க புகைப்புரை கெட்டப்போறேன்.”

“அது நாங்க கெட்டின பள்ளி,” என்றான் சாறாம்மாவின் கணவன் யோவான்.

“மண்ணு யாருக்க மண்ணு? இஷ்டமில்லாதவன் வந்த வழியே போலாம். வெட்டுகதுக்கு உள்ளூர்க்காரன் உண்டு.”

உள்ளூர்க்காரி ஞானபாய் வாளியை நங்கென்று வைத்தாள். “பாதிக் கூலிக்கு நாங்களும் வெட்டமாட்டோம்.”

“நாலு நாள் பட்டினி கெடந்தா ஓடி வருவிய.”

“எங்களுக்கு இப்ப கிறிஸ்மஸுக்கு முந்தின இருவத்தஞ்சு நாள் நோம்பு, முதலாளி. பட்டினியக் காட்டியா பயமுறுத்துதிய?” என்றான் யோவான். கூட்டம் சிரித்தது.

வேலைநிறுத்தத்தின் மூன்றாம் நாள் யாரும் சிரிக்கவில்லை. எஸ்டேட் கடை அரிசி தர மறுத்தது. ஞானபாயின் பிள்ளைகள் அழுது ஓய்ந்து சுருண்டு கிடந்தன. சாறாம்மா சாவியை எடுத்தாள்.

“மணிக்கு நேர்ந்த அரிசி. தொடாத,” யோவான் கையைப் பிடித்தான்.

“பள்ளியே போன பொறவு மணிய எங்க தூக்குவிய? பள்ளி அச்சன் கேட்டா நான் பதில் சொல்லுகேன்.”

பள்ளி முற்றத்தில் கஞ்சி கொதித்தது. எல்லாப் பிள்ளைகளும் வரிசையில் உட்கார்ந்தார்கள்.

ஞாயிறு விடிந்தது. வேலைக்குக் கூப்பிடும் தண்டவாளத் துண்டு கீழே ஒலித்தது. ஒருவரும் இறங்கவில்லை. சரிவில் முதலாளி ஆட்களின் கடப்பாரைகள் கல்லில் உரசிக்கொண்டு ஏறி வந்தன.

ஞானபாய் அவர்களுக்கு முந்திப் பள்ளிக்கு வந்து, பூட்டாத பெட்டியைத் திறந்து, குலசேகரத்தில் கடன் வாங்கிய அரிசியில் ஒரு பிடி போட்டாள்.

“ஏட்டி, நீ வேற சபையில்லா?” என்றாள் சாறாம்மா.

“ஏன், எங்க சபை அரிசி வேகாதோ?”

அவளுக்குப் பின்னால் உள்ளூர்க்காரர்கள் முப்பது பேர் நின்றார்கள். ஒவ்வொருவர் கையும் அரிசியோடு இறுக மூடியிருந்தது.