ரெண்டு பலகைக்கு அப்புறம் கத்தும்

வீட்டைப் பூட்டிவிட்டு அவள் நாலடி நடந்ததும் பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. டக், டக். அவள் கணவர் பூட்டை இழுத்துப் பார்க்கிறார். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அவர் செய்யாத வேலை. மூன்று வாரமாகத்தான் இந்த வியாதி.

அது எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். இருவருக்கும் ஒரே மர அறுவை மில்லில் வேலை. வருகிற தடிகளுக்குள் ஆணியோ கம்பியோ புதைந்திருக்கிறதா என்று இரும்பைக் கண்டால் கத்தும் கருவியால் தடவிப் பார்த்து, இல்லையென்றால் சாக்பீஸால் டிக் போடுவது அவள் பொறுப்பு. டிக் போட்ட தடியை ரம்பத்தில் ஏற்றி அறுப்பது அவர் பொறுப்பு. மூன்று வாரத்துக்கு முன் அவள் டிக் போட்ட ஒரு தடிக்குள் ரம்பம் எதிலோ மோதிப் பல் தெறித்தது. தெறித்த துண்டு அவர் கன்னத்தைக் கிழித்துக்கொண்டு போனது, கண்ணுக்கு ஒரு விரல் கீழே. தடியைப் பிளந்து பார்த்தால், உள்ளே இருந்தது இரும்பே இல்லை. வேலிக்கம்பி சுற்றுகிற வெள்ளைப் பீங்கான் குமிழ்.

"கருவி இரும்புக்குத்தாங்க கத்தும். பீங்கானுக்குக் கத்தாது" என்று அவள் தொண்டை வற்றச் சொன்னாள். யார் காதிலும் ஏறவில்லை. உண்மையைச் சொன்னாலும் சாக்கு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள், அப்படி ஒரு கூட்டம்.

அன்றிலிருந்து அவள் டிக் போட்ட ஒவ்வொரு தடியையும் கணவர் வந்து மறுபடி ஒருமுறை தடவுவார், மில்லே பார்க்க. ஒரு வார்த்தை பேசமாட்டார். வாய்விட்டுத் திட்டியிருந்தால் அவளும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்து ஆறியிருப்பாள். இது சோற்றில் கல் மாதிரி தினமும் பல்லில் கடிபட்டது. அந்தத் தழும்பைப் பார்க்கும்போது அவளுக்குக் கோபப்படவும் முடியவில்லை.

ஆனால் அவளும் சும்மா இருக்கவில்லை. கருவியை மட்டும் நம்புவதை அன்றே விட்டுவிட்டாள். ஒவ்வொரு தடியின் இரண்டு முனையிலும் மண்டியிட்டு, டார்ச் அடித்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள்.

பூட்டை இழுத்துவிட்டுக் கிளம்பிய அன்றைக்கு மில்லுக்கு வந்த தடி இரண்டு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாதது. யாரோ நீள மேஜைக்கு ஒரே அகலப் பலகையாகக் கேட்டிருந்தார்களாம். முதலாளியே வந்து நின்றார். அவள் சுற்றிச் சுற்றித் தடவினாள். கருவி வாயே திறக்கவில்லை. ஆனாலும் அவள் சாக்பீஸை எடுக்கவில்லை. முனையில் ஒரு ரூபாய் அளவுக்கு, மசி சிந்தியது போல நீலமும் கறுப்புமாக ஒரு கறை.

"என்னம்மா, டிக் போடலையா?" என்றார் முதலாளி.

"இல்லைங்க. உள்ளே இரும்பு இருக்கு."

கணவர் கருவியை வாங்கி ஒருமுறை தடவினார். "கத்தலையே."

"கத்தாது. இந்தக் கறை பட்டையிலேர்ந்து எட்டு இஞ்ச் உள்ளே இருக்கு, டேப் வச்சு அளந்துட்டேன். அவ்ளோ ஆழம் கருவிக்கு எட்டாது. இரும்போட துரு மரச்சாறுல ஊறினா இப்படித்தான் கறுக்கும். கறை அந்த மட்டத்துலேயே நாரோட ஓடி முனைக்கு வந்திருக்கு. இரும்பு இந்த முனைகிட்டயும் இருக்கலாம், அந்த முனைகிட்டயும் இருக்கலாம்."

"அக்காவுக்கு எக்ஸ்ரே கண்ணு வந்துடுச்சு" என்றான் தடி ஏற்றும் வண்டி ஓட்டுகிறவன். மில்லில் அவனுக்கு 'அவசரம்' என்றுதான் பெயர்.

அவள் அவனைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. "கறை இருக்கிற பக்கம் மேலே வர்ற மாதிரி ஏத்துங்க. பட்டையோட ஒரு பலகை, அதுக்குக் கீழே ஒண்ணு. ரெண்டு எடுத்ததும் நிறுத்துங்க. ரெண்டு பலகைக்கு அப்புறம் கத்தும்."

முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, நிறுத்தலாம். ஆனா கத்தலைன்னா, நாளையிலேர்ந்து கருவியை வேற ஆள்கிட்ட குடுத்துடுவேன். அப்புறம் வருத்தப்படக் கூடாது."

அவள் தலையாட்டினாள்.

ரம்பம் ஓடியது. முதல் பலகை விழுந்தது. இரண்டாவது விழுந்தது. கணவர் ரம்பத்தை நிறுத்திவிட்டு, கருவியை அவரே எடுத்துத் தடவினார். இந்த முனையிலிருந்து அந்த முனை வரை, ஒரு சத்தம் இல்லை. அவசரம் வேண்டுமென்றே இருமினான்.

"இப்படிக் குடுங்க" என்று அவள் கையை நீட்டினாள். "தரை துடைக்கிற வேகத்துல போனா என்ன மாட்டும்?"

அவள் ஒரு மூச்சுக்கு ஒரு சாண் என்று நகர்ந்தாள். பாதித் தடி ஆயிற்று. முக்கால் ஆயிற்று. நெற்றி வியர்வை மரத்தூளோடு சேர்ந்து கண்ணில் இறங்கியது, அவள் துடைக்கவில்லை. இன்னும் இரண்டு சாண்தான் மிச்சம். அப்போது கருவி 'கீ' என்றது.

மில்லில் ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. சத்தம் வந்த இடத்தில் வட்டம் போட்டு உளியைப் பிடித்தாள். மூன்று இஞ்ச் தோண்டியதும் உளி 'ணங்' என்றது. குறடால் ஆட்டி ஆட்டி இழுத்ததில், கட்டைவிரல் தடிமனில் ஒரு பழைய இரும்புக் கொக்கி வெளியே வந்தது. எந்தக் காலத்தில் யார் அடித்ததோ, மரம் அதை முழுசாக விழுங்கியிருந்தது. மேஜைக்கான அகலப் பலகை வர வேண்டிய நடுமரம் அதற்கும் கீழே, கீறல் படாமல் இருந்தது.

அடுத்த வெட்டு சரியாக அந்தக் கொக்கியின் மேல்தான் வந்திருக்கும். கணவருக்கு அது யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கொக்கியையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கை தானாகக் கன்னத்துக்குப் போனது.

"எப்படிம்மா?" என்றார் முதலாளி.

"கருவிக்குக் காது மட்டும்தாங்க. எனக்குக் கண்ணும் இருக்கு."

சொன்னபோது அவளுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பெருமையாக இருந்தது. அதை அவள் மறைக்கவும் இல்லை. மூன்று வாரம் தலைகுனிந்து நடந்தவள் ஒரு நாள் நிமிர்ந்து நடந்தால் குறைந்தா போய்விடும்? அவசரம்கூட அந்தக் கொக்கியை வாங்கி, "அக்கா, இதை ஆபீஸ்ல மாட்டணும்" என்றான்.

கணவர் மன்னிப்புக் கேட்கிற ரகம் இல்லை. சாயங்காலம் வீடு திரும்பும் வழியிலும் மழை வருமா வராதா என்றுதான் பேசிக்கொண்டு வந்தார். அவளுக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினாள். நாலடி நடந்தாள். காது பின்னாலேயே இருந்தது. சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தால், அவர் பூட்டின் பக்கமே போகாமல், இரண்டு சாப்பாட்டுப் பைகளையும் தானே தூக்கிக்கொண்டு அவளைத் தாண்டி நடந்துகொண்டிருந்தார்.

"என்னங்க, பூட்டை இழுத்துப் பாக்கலையா?"

அவர் நடையை நிறுத்தவில்லை.

"எதுக்கு? நீதானே பூட்டுன."