இடது காதில் ஒரு துளை

எங்கள் ஊர் மருத்துவக் கல்லூரியில் மூளை நரம்பியல் பேராசிரியராக இருந்த உகாய், 1987 அக்டோபர் மூன்றாவது செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு இடப்பக்கமாகச் சுற்றத் தொடங்கினார். பிறகு நிற்கவே இல்லை. அன்று கடலில் அலை குறைவு, சந்தையில் கணவாய் மலிவு. கையில் தேநீர்க் கோப்பையோடு சன்னலைச் சாத்த எழுந்தவர் வழியில் ஒருமுறை சுற்றினார், பிறகு இன்னொருமுறை, அப்புறம் அப்படியே. தேநீர் ஒரு சொட்டும் சிந்தவில்லை என்று அறையிலிருந்த மூன்று மாணவர்களும் ஒன்றுபோலச் சொன்னார்கள். நிமிடத்துக்குப் பன்னிரண்டு சுற்று. கீழ்த்தளத்தில் எலிக்கூண்டு கழுவிக்கொண்டிருந்த இசொபேயிடம் சேதி வந்தபோது அவள் குழாயை மூடி, முழுவதும் கேட்டுவிட்டு, மறுபடி திறந்துகொண்டாள்.

இந்த இசொபே பத்தொன்பது வருடம் அதே உகாயின் ஆய்வகத்தில் பம்பர எலிகளை வளர்த்தவள். பம்பர எலி என்பது உள்காது கெட்டுப் பிறக்கும் ஜாதி. நேராக நடக்கத் தெரியாது, இருந்த இடத்திலேயே இடப்பக்கமாகச் சுற்றும். ஐந்தாம் மாதத்திலிருந்து மூளையும் சுருங்கி, தண்ணீர்க் குழல் எந்த மூலையில் இருக்கிறது என்பதுகூட மறந்துபோகும். கண் திறந்த நாளிலிருந்து தினம் காலையில் குட்டிகளை ஒரு வட்டத் தட்டில் வைத்து முப்பது முறை வலப்பக்கம் திருப்பினால் சுற்றல் அடங்கும், ஞாபகமும் கிழப்பருவம்வரை நிற்கும் என்று கண்டுபிடித்தது இசொபே. யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல. பால் கலந்த தொட்டியில் விட்டால், அவள் திருப்பிய எலிகள் கலங்கல் நீருக்கடியில் ஒளிந்திருக்கும் மேடையை நேரே போய்த் தொடும். மற்றவை வட்டமடித்துக் களைத்துப்போகும். கட்டுரை உகாயின் பெயரில் வந்தது. அவள் பெயர் கடைசிப் பக்கத்தில், கூண்டு விற்ற கடைக்கு நன்றி சொன்ன வரிக்குக் கீழே இருந்தது. அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள்.

பொறுக்க முடியாமல் போனது காது விஷயம். திருப்பிய எலிக்கு அடையாளமாக வலது காதில் துளை, சும்மா விட்டுவைத்த எலிக்கு இடது காதில் துளை. எலியின் வலது, எலியின் இடது. அதனால் எப்போதும் பின்னாலிருந்துதான் பிடித்துப் பார்க்க வேண்டும். எலிக்கூடத்தில் முதல் நாள் சேர்ந்தவனுக்குக்கூட இது தெரியும். தொலைக்காட்சிக்காரர்கள் படம் பிடிக்க வந்த அன்று, எலியையே தொட்டறியாத உகாய் வெள்ளை அங்கி மாட்டிக்கொண்டு, ஒவ்வொன்றையும் முகத்துக்கு நேரே தூக்கிக் காதைப் பார்த்துக் கூண்டு மாற்றினார். எல்லாம் தலைகீழாயிற்று. அந்த எலிகள்தான் கொரியாவிலிருந்த வேறொரு ஆய்வகத்துக்குப் போயின. உங்கள் வைத்தியம் ஞாபகத்தை வளர்க்கவில்லை, கெடுக்கிறது என்று அங்கிருந்து கடிதம் வந்தது. விசாரணைக் குழு கூடியது. அதற்கு முந்தின நாள் உகாய் இசொபேயை அறைக்குக் கூப்பிட்டு, ஒரு தாளையும் பேனாவையும் அவள் பக்கம் நகர்த்தினார்.

"காதைத் தப்பாப் பார்த்தது நீங்கதான்னு எழுதிக் கொடுத்துடுங்க, இசொபே சான். உங்களுக்கு என்ன, வயசான அம்மா, வீட்டுல பூனை. எனக்கு ஒரு துறையே இருக்கு."

"பூனை இல்லைங்க. எலிதான்," என்றாள் அவள். எழுதியும் கொடுத்தாள். அன்று மறுத்திருக்க வேண்டும் என்று பல வருடம் தன்னையே திட்டிக்கொண்டாள். அவளைக் கூண்டு கழுவுவதற்குக் கீழே அனுப்பினார்கள். ஒரே வாரத்தில், கலந்துபோன ஜாதி வேண்டாம் என்று உகாய் ஒரு கையெழுத்துப் போட, நானூற்றுப் பன்னிரண்டு பம்பர எலிகளும் ஒரே பிற்பகலில் கொல்லப்பட்டன. எலிக்கூடக் காவலாளி ஒச்சியாய் கீழே வந்து சொன்னார்: "உன் காலடிச் சத்தம்னு நெனச்சு எல்லாம் கதவுப் பக்கமாத் திரும்பிச்சுங்க. என்னால பார்க்க முடியல."

ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் கல்லூரியின் பின்புறம், கடலைப் பார்த்த சரிவில், ஆய்வுக்காக உயிர்விட்ட விலங்குகளுக்கென்று நட்ட நினைவுக்கல்லுக்கு முன்னால் எல்லோரும் கூடுவது வழக்கம். துறைத் தலைவர் நன்றியுரை வாசிப்பார். பிறகு ஒவ்வொருவராக வெள்ளைச் சாமந்தி வைத்து, நிம்மதியாக உறங்குங்கள் என்று வேண்டிக்கொள்வார்கள். அந்த வருடம் உகாய் குரல் கம்ம வாசித்தார், கண்ணீர்கூட வந்தது. இசொபே தன் முறை வந்ததும் பூவை வைத்துவிட்டுக் குனிந்து, பக்கத்தில் நின்ற ஒச்சியாய்க்கு மட்டும் கேட்கும்படி, "தூங்க வேணாம். எழுந்திருங்க. எல்லாத்தையும் ஞாபகம் வெச்சுக்குங்க," என்றாள். அடுத்த செவ்வாய்க்கிழமைதான் உகாய் சுற்றத் தொடங்கினார்.

காது வைத்தியர் காதில் குளிர்நீர் விட்டுப் பார்த்தார், சுடுநீர் விட்டுப் பார்த்தார், குறையொன்றும் இல்லை. தச்சர் வட்டமான கட்டில் செய்து கொடுத்தார். தூக்கத்தில் உகாய் அதில் கடிகார முள் எதிர்த்திசையில் போவதுபோல நகர்ந்தார். பாடம் எடுக்கையில் முகம் இந்தப் பக்கம் வரும்போது விழுந்த சொற்களை மட்டும் மாணவர்கள் எழுதிக்கொண்டார்கள். தேர்வில் யாரும் தோற்கவில்லை. பொதுக் குளியலறையில் வெந்நீர்த் தொட்டிக்குள் இறங்கினால் கழுத்துவரை மூழ்கி வட்டமடித்து, காலால் எதையோ துழாவுவார். என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டால், இங்கேதான் ஒரு மேடை இருக்க வேண்டும் என்பார். குளிப்பவர்கள் ஒதுங்கி வழிவிடப் பழகிக்கொண்டார்கள். இரண்டாம் மாதம் ஒரு காலையில் அவர் காதில் பட்டாணி அளவு வட்டத் துளை இருந்தது, ரத்தமில்லை, வலியில்லை. வலது காதில் துளை என்று ஊர் ஆஸ்பத்திரி நர்ஸ் குறித்துக்கொண்டாள்.

அவர் மனைவி சயோகோ ஒரு பெட்டி முலாம்பழத்தோடு இசொபேயின் வீட்டுக்கு வந்து, வாசலிலேயே தரையில் நெற்றி படக் கும்பிட்டாள். "உங்களுக்கு நடந்ததெல்லாம் எனக்குத் தெரியும், இசொபே சான். ஆனாலும் அவரும் மனுஷன்தானே. எலிங்களுக்குப் பண்ணினதை ஒரு தடவை அவருக்கும் பண்ணுங்க."

இசொபே போனாள். சுற்றிக்கொண்டிருந்தவரின் பின்னால் நின்று, அவரோடு கூடவே ஒரு வட்டம் நடந்து காதைப் பார்த்தாள்.

"இடது காது. சும்மா விட்டு வெச்சுப் பார்க்க வேண்டிய கூட்டம். இவரைத் திருப்பக் கூடாதுங்க."

"ஆஸ்பத்திரியில வலதுன்னு எழுதியிருக்காங்களே?"

"எதிர்ல நின்னு பார்த்திருப்பாங்க. உகாய் சென்செயும் எலியை அப்படித்தான் பார்த்தார். அவர் பார்த்த மாதிரி பார்த்தா இது வலதுதான், தாராளமாத் திருப்பலாம். அப்படிப் பார்த்தது நான்தான்னு கல்லு முன்னாடி அவர் சொல்லட்டும், வர்றேன்."

உகாய் ஒரு சுற்றில் "அது மட்டும்" என்றார், அடுத்த சுற்றில் "நடக்காது" என்றார். முலாம்பழத்தை இசொபே தொடவில்லை.

இரண்டு வருடம் ஓடியது. உகாயின் ஞாபகம் ஓரத்திலிருந்து கரைந்துகொண்டே வந்தது. முதலில் மாணவர்கள் பெயர் போயிற்று, பிறகு தன் கட்டுரைகளின் பெயர், பிறகு சயோகோவின் பெயர். சோற்றை எதிரில் வைத்தால்தான் பசி என்பதே நினைவு வரும். கடைசியில் ஒன்றே ஒன்று மட்டும் மிஞ்சியது: தொலைக்காட்சி விளக்குகளின் வெளிச்சத்தில், முகத்துக்கு நேராகத் தன் கை பிடித்திருக்கும் ஒரு எலி, அதன் காது, அதை மூடி மறைக்க இசொபேக்குச் செய்தது. எதை மறக்க அவர் மெனக்கெட்டாரோ அதைத் தவிர எல்லாவற்றையும் எலிகள் தின்றுவிட்டன என்று ஒச்சியாய் சொன்னார். நன்றாகத்தான் தின்றன.

மூன்றாவது இலையுதிர்காலத்தில் சயோகோ அவரைக் கல்லின் முன் கூட்டிவந்து நிறுத்தினாள். சொல்வதற்கு அவரிடம் வேறு எதுவும் இல்லை. காதைத் தப்பாகப் பார்த்தது நான், எழுதி வாங்கியது நான், கண்டுபிடித்தது இசொபே என்று, ஒரு சுற்றுக்கு ஒரு வாக்கியமாகச் சொன்னார். ஊரும் கல்லூரியும் மூன்று பத்திரிகைக்காரர்களும் கேட்டார்கள். கட்டுரை அவள் பெயருக்கு மாறியது அந்தக் குளிர்காலத்தில்தான்.

சொன்ன சொல்லைக் காப்பாற்ற இசொபே முன்னே வந்தாள். ஆனால் பின்னால் போய் நிற்கவில்லை. எலியை எதிரில் வைத்துப் பார்த்தவரை எதிரில் நின்றே பார்ப்பதுதான் முறை என்று, முகத்துக்கு முகம் நின்று அவர் தோள்களைப் பிடித்து, தன் வலப்பக்கமாக முப்பது முறை திருப்பினாள். அவளுடைய வலது அவருக்கு இடது. கூட்டத்தில் அதைப் புரிந்துகொண்டவர் ஒச்சியாய் ஒருவர்தான். அவர் குனிந்து செருப்பைச் சரிசெய்துகொண்டார். கை எடுத்தபோது உகாய் நிமிடத்துக்கு இருபத்துநாலு சுற்று சுற்றினார். இசொபேக்கு மனசு நிறைந்திருந்தது. அதை அவள் யாரிடமும் மறைக்கவில்லை.

பிறகு அவள் கல்லுக்கு முன் உட்கார்ந்து சாமந்தியை வைத்து, "போதும், இப்போ தூங்குங்க," என்றாள். எலிகள் தூங்கியிருக்க வேண்டும். ஊரில் வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. உகாய் இன்றும் அந்தச் சரிவில்தான் சுற்றிக்கொண்டிருக்கிறார். விழா நாளில் மழை பெய்தால், பூ வைக்க வருகிறவர்கள் அவர்மேல் இடித்துவிடாமல் குடையைச் சற்று உயர்த்திப் பிடித்துக்கொண்டு போவார்கள்.