லவோனின் பதில்

நாசமாய்ப் போன அந்தச் சுவிட்சை வைத்தவன் நான்தான். வேறு யார் தலையிலும் பழியைப் போட முடியாது.

விஸ்கான்சினில், எங்கள் வீட்டுக் கார் ஷெட்டில், நானும் என் மனைவி லவோனும் ஒன்பது வருடம் உழைத்துக் கட்டிய விமானம் அது. எனக்கு இதயக் கோளாறு வந்து உரிமம் போய்விட்டது, அதனால் ஓட்டுவது அவள் மட்டும்தான். தரையிறங்க வேகத்தைக் குறைக்கும்போது விமானத்தைத் தாங்கிப் பிடிப்பது இறக்கைகளின் பின்விளிம்பில் இருக்கும் ஃபிளாப் தகடுகள். அவற்றைக் கீழே இறக்க ஓர் இரும்புக் கைப்பிடியை இழுக்க வேண்டும். தோள் ஆபரேஷனுக்குப் பிறகு அவளால் அதை இழுக்க முடியவில்லை. கைப்பிடியைக் கழற்றிவிட்டு மோட்டார் மாட்டினேன். அதன் சுவிட்சை, அவள் ரேடியோவில் பேச அழுத்தும் பட்டனுக்குப் பக்கத்திலேயே வைத்தேன். இரண்டின் ஒயரையும் ஒரே குழாயில் விட்டேன், அழகாக இருக்கட்டும் என்று.

"ரேடியோவப் போட்டும் ஒருவாட்டி பாத்தியா ஆர்லன்?" என்று கேட்டாள்.

"எல்லாம் பாத்தாச்சு தாயே! நாப்பது வாட்டி!"

நாற்பது தடவை பார்த்தது நிஜம். ரேடியோவைப் போடாமல்.

சனிக்கிழமை காலை அவள் கிளம்பினாள். எங்கள் ஓடுதளத்தில் கட்டுப்பாட்டுக் கோபுரமும் கிடையாது, வழிகாட்டுபவரும் கிடையாது. எங்கே திரும்புகிறோம் என்பதை ஓட்டுபவரே ரேடியோவில் சொல்ல வேண்டும். நான் கை ரேடியோவோடு சோளக்காட்டு ஓரத்தில் நின்றேன்.

"லவோன் பேசறேன். இறங்கறதுக்குத் திரும்பறேன்."

அவள் குரல் வந்தபோதே, இறங்கியிருந்த ஃபிளாப் தானாக மேலேறியது. குரல் நின்றதும் அதுவும் நின்றது. அடப்பாவி, இது என்ன கூத்து?

அவள் மறுபடி இறக்கினாள்.

"ஓடுதளத்துக்கு நேரா வந்துட்டேன்."

ஃபிளாப் மொத்தமாக ஏறிவிட்டது. விமானம் தொப்பென்று கீழே இறங்கியது. இன்ஜினை அலறவிட்டு, எப்படியோ நிமிர்த்தி, ஃபிளாப்பை மறுபடி இறக்கி, தரையை ஒட்டியே பறந்து போனாள். ஐயோ, பேச்சுதான்! ஒயர்கள் ஒரே குழாயில் போவதால், பேசும் பட்டனை அழுத்தினால் மோட்டார் ஓடுகிறது!

"லவோன்! பேசாதே! நீ பேசினா ஃபிளாப் ஏறுது!"

"சரி ஆர்லன், புரிஞ்சுது. இனிமே பேசல."

ஐந்தே வார்த்தை. சக்கரங்கள் சோளக் கதிரை உரசும் சத்தம் எனக்கே கேட்டது. காதில் விழுந்ததை உடனே திருப்பிச் சொல்வதுதான் ஓட்டுபவர்களின் பழக்கம். அவளுக்கோ வீட்டில்கூட ஒரு பேச்சுக்குப் பதில் சொல்லாமல் இருந்து பழக்கமில்லை.

"பதில் சொல்லாதேடி! கேட்டுச்சுன்னுகூடச் சொல்லாதே! கெஞ்சிக் கேக்கறேன், வாய மூடு!"

ரேடியோவில் சத்தமே இல்லை. கேட்டதா, கேட்கவில்லையா? எப்படித் தெரிந்துகொள்வது? நான் கேட்டால் அவள் பதில் சொல்லிவிடுவாளே! அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு முழுச் சுற்று, ஒரு வார்த்தை இல்லை. ஃபிளாப் இறங்கிய நிலையிலேயே இருந்தது. மெல்ல வந்து தரையைத் தொட்டாள்.

ஓடினேன். கண்ணாடி மூடியைத் திறந்தாள், முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"இப்ப பேசலாமா?"

"பேசும்மா, பேசு."

"ரேடியோவப் போட்டும் பாத்தேன்னியே?"

சக்கரத்தில் சோள இலை ஒன்று சுற்றியிருந்தது. குனிந்து அதைப் பிய்க்க ஆரம்பித்தேன்.

"கேட்டதுக்குப் பதில் சொல்லு ஆர்லன்," என்றாள்.